வீட்டுப் பலகாரமும் விற்பனை மேசையும்

(நூற்றாண்டு விழா ஆயத்தக் கூட்டத்தில் சங்கத்தின் சிற்றுண்டிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டுச் சந்தையை எப்படி நடத்துவது என்று பேசத் தொடங்கிய நாளில் இருந்து சிற்றுண்டிக் குழுவினராகிய எம்மிடம் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "வீட்டில் செய்த பண்டங்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாடசாலையில் வைத்து விற்கலாமா?" இதற்கு இரண்டு விதமான பதில்கள் எமக்குக் கிடைத்தன. மூத்த சகோதரிகள் சிலர், "இத்தனை வருடமாக விற்றோம், யார் வந்து கேட்டது?" என்றார்கள். இளையவர்கள் சிலர், "எதற்கு வீண் வம்பு? எல்லாவற்றையும் பேக்கரியில் ஓடர் கொடுத்து வாங்கி விற்போம்" என்றார்கள். எமது குழு இரண்டையும் ஏற்கவில்லை. ஏன் என்பதையும், வேறு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்கவே இன்று இந்த நேரத்தை வாங்கியிருக்கிறோம்.

முதலில் அந்த மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலைச் சந்தையில் எத்தனையோ கூடங்கள் போடுகிறோம். பழைய புத்தகம், பூக்கன்று, கைப்பணி, அதிர்ஷ்டச் சீட்டு என்று எல்லாம் உண்டு. ஆனால் முதலில் கூட்டம் சேர்வதும் முதலில் வெறுமையாவதும் பலகார மேசைதான். ரோல்ஸ், கட்லற், பற்றிஸ், பட்டர் கேக், லவ் கேக், தொதல், மஸ்கெற், மில்க் ரொபி, பயத்தம் பணியாரம், சிப்பி, முறுக்கு, எள்ளுருண்டை என்று வந்து குவியும். அதில் சேரும் பணம் பெரிய கட்டிடம் எழுப்பப் போதாது. வகுப்பறைக்கு மின்விசிறி, நூலகத்துக்கு அலுமாரி, தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் செலவு, தண்ணீர்த் தாங்கியின் திருத்த வேலை, இப்படி எந்தத் திட்டத்திலும் அடங்காமல் அதிபரின் மேசையில் கிடக்கும் தேவைகளுக்குத்தான் அது போகிறது. கேட்ட உடனே கிடைக்கும் பணம் என்பதால் அதற்கு அதன் அளவை மிஞ்சிய பெறுமதி உண்டு.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா, எட்டுப் பத்து முட்டை. ஒரு பட்டர் கேக்குக்கு இவ்வளவும் வேண்டும். இவற்றை வாங்கியவரும், அடித்தவரும், வேகும்வரை பக்கத்தில் நின்றவரும் ஒரு சதமும் கேட்பதில்லை. எமது கணக்குப் புத்தகத்தில் விற்ற தொகை மட்டும் வரவாக எழுதப்படும். செலவுப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் மாவுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட பாட்டை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் பேக்கரியில் வாங்கி விற்றால் கையில் மிஞ்சுவது சிறு இலாபம் மட்டுமே. பணமாகக் கொடுக்க முடியாத, ஆனால் கைவேலையால் கொடுக்கக்கூடிய சகோதரிகள் எம்மிடையே பலர். அந்த மேசையை எடுத்துவிட்டால் அவர்கள் பாடசாலைக்குக் கொடுக்கும் வழியையும் எடுத்துவிடுகிறோம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்தக் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. அனுமதிப்பத்திரம் ஒன்று, உணவுச் சட்டம் மற்றொன்று.

அனுமதிப்பத்திரம் இடத்துக்கும் தொழிலுக்கும் உரியது. பேக்கரி, உணவகம், தேநீர்க்கடை போன்றவற்றை நடத்துவோர் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையிடம் ஆண்டுதோறும் பெறுவது அது. அந்தந்தச் சபையின் உபவிதிகள் அதை ஆளுகின்றன. வருடத்தில் ஒருநாள் நடக்கும் பாடசாலைச் சந்தை ஒரு பேக்கரி அல்ல என்பது உண்மை.

உணவுச் சட்டம் அப்படியல்ல. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மனிதர் உண்ணத் தகுதியற்ற உணவையும் கலப்படமான உணவையும் விற்பதைத் தடை செய்கிறது. இலாபம் யாருக்குப் போகிறது என்பதை வைத்து உணவு நல்லதாகவோ கெட்டதாகவோ ஆவதில்லை. நூலகத்துக்காக விற்ற கட்லற் என்றாலும் பழுதானால் பழுதானதுதான். அந்தச் சட்டத்தின் கீழ் எமது பிரதேசத்தில் உணவைப் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் அதிகாரம் பெற்றவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவருக்கு மேல் சுகாதார வைத்திய அதிகாரி இருக்கிறார். ஆகவே "அனுமதிப்பத்திரம் தேவையில்லை" என்ற பதில் கிடைத்தாலும் "பொறுப்பு இல்லை" என்று அதற்கு அர்த்தம் கொள்ள முடியாது. எமது சங்கத்தில் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பேசுவதால்தான் விவாதம் முடிவுக்கு வராமல் நிற்கிறது.

இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் கிளைகளின் சகோதரிகளும் ஒன்றுகூடல்களிலும் நிதி சேர்ப்பு விழாக்களிலும் இதே பலகாரங்களை விற்கிறார்கள். அங்கெல்லாம் இதற்கு எழுதி வைத்த விடைகள் உண்டு. எமக்கும் அவற்றில் பாடம் இருக்கிறது.

பிரித்தானியாவில் உணவுத் தொழில் நடத்துவோர் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன் உள்ளூர் சபையில் பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாடசாலை விழாவுக்கோ தர்ம காரியத்துக்கோ எப்போதாவது ஒருநாள் கேக் செய்து விற்கும் தொண்டர்கள் பொதுவாகப் பதிய வேண்டியதில்லை. மாதந்தோறும் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினால் கதை மாறும். பதிவு வேண்டாம் என்றாலும் விற்கும் உணவு பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்ற சட்டம் அங்கேயும் எல்லோருக்கும் பொதுவானது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வழிபாட்டு நிலையங்களும் தொண்டர் கழகங்களும் நடத்தும் பலகார விற்பனைக்கு உணவு நிலைய ஒழுங்குவிதிகளில் விலக்கு உண்டு. இலகுவில் பழுதாகும் உணவை வீட்டில் செய்து அன்பளிப்பாகத் தருவதென்றால் அதற்கு நிபந்தனைகளும் உண்டு. பரிசோதிக்கப்படாத இடத்தில் செய்யப்பட்டது என்ற அறிவித்தலை வாங்குபவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். யார் யார் செய்து கொடுத்தார்கள் என்ற பெயர், விலாச, தொலைபேசிப் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். அங்குள்ள பாடசாலைகளுக்குள் விற்பதென்றால் கல்வி அமைச்சின் உணவுக் கொள்கையும் சேர்ந்து வருகிறது. வருடத்தில் பத்து நாட்கள் வரை விசேட தினங்களாக அதிபர் அறிவிக்கலாம். அந்த நாட்களில் போசாக்கு விதிகளில் இருந்து விலக்கு உண்டு.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிறீம் இல்லாத, வெளியே வைத்தாலும் பழுதாகாத கேக் வகைகளை விற்கும் மேசை மிகக் குறைந்த ஆபத்துள்ள வகுப்பில் அடங்கும். சபைக்கு அறிவித்தால் போதும், பதிவு வேண்டியதில்லை.

மூன்று நாடுகளின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வார்த்தைகள் வேறாக இருந்தாலும் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். இடைக்கிடை செய்கிறீர்களா, தொழிலாகச் செய்கிறீர்களா? செய்தது காய்ந்த பண்டமா, ஈரப் பண்டமா? யார் செய்தார்கள் என்று சொல்ல முடியுமா? இந்த மூன்று கேள்விகளையும் எமது சந்தையிலும் நாமே எம்மைக் கேட்டுக்கொள்வதுதான் எமது குழுவின் யோசனை.

காய்ந்த பண்டம், ஈரப் பண்டம் என்ற வேறுபாடு எமக்குப் புதியதல்ல. விடுதியில் படித்த காலத்தில் வீட்டில் இருந்து தகரப் பேணியில் என்ன வந்தது என்று யோசித்துப் பாருங்கள். முறுக்கு வந்தது, பயத்தம் பணியாரம் வந்தது, பருத்தித்துறை வடை வந்தது, நத்தாருக்கு ரிச் கேக் வந்தது. கட்லற் வந்ததா? வட்டிலப்பம் வந்ததா? எமது அம்மாமாருக்கு எது இரண்டு கிழமை தாங்கும், எது பொழுதுபடுமுன் தின்று முடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதன் காரணத்தை இன்று இப்படிச் சொல்கிறார்கள். கிருமி வளர ஈரம் வேண்டும். நன்றாகப் பொரித்துக் காய்ந்ததில் ஈரம் இல்லை. சீனி அதிகமுள்ள பண்டத்தில் இருக்கும் ஈரத்தைச் சீனி தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. மீன், இறைச்சி, அவித்த முட்டை, பால், கிறீம், சோறு ஆகியவற்றில் ஈரமும் சத்தும் சேர்ந்திருப்பதால் கிருமிக்கு அது விருந்து.

அந்த விருந்து நடக்கும் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டது. எமது ஊரில் பங்குனி, சித்திரை மாதங்களில் மரநிழலிலேயே 30 பாகைக்கு மேல் இருக்கும். அதாவது மேசையில் வைத்த நிமிடத்தில் இருந்து மணி ஓடத் தொடங்கிவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் சொல்லிக் கொடுக்கும் கணக்கு இலகுவானது. இரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் திரும்பக் குளிரூட்டியில் வைக்கலாம். இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் என்றால் உடனே சாப்பிட்டு முடிக்க வேண்டும். நான்கு தாண்டினால் எறிய வேண்டும். வெளியே இருந்த நேரம் முழுவதையும் கூட்டியே இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இதைக் கட்லற்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். முதல்நாள் பின்னேரம் மீனும் கிழங்கும் அவித்துப் பிசைந்து பெரிய சட்டியில் மூடி வைக்கிறோம். பெரிய சட்டி நடுவில் மெல்லத்தான் ஆறும். இரவு உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் பிரட்டி வைக்கிறோம். காலையில் பொரித்து, சூட்டோடு பெட்டியில் அடுக்கி மூடி, ஒன்பது மணிக்குச் சந்தைக்குக் கொண்டுவருகிறோம். கடைசிக் கட்லற் விற்கும்போது மூன்று மணி. செய்தவரின் கைபாகத்தில் குறை ஒன்றும் இல்லை. நேரம்தான் குறை. "திரும்பச் சூடாக்கினால் சரிதானே" என்று சிலர் நினைப்பதுண்டு. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமி உணவில் பெருகி ஒரு நஞ்சை விட்டுவிடும். கிருமி சூட்டில் சாகும், அந்த நஞ்சு சாகாது. கையால் உருட்டும் பண்டத்தில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் பத்துக் கட்லற் செய்து உடனே தின்பதற்கும் ஒரு சந்தைக்கு நானூறு செய்வதற்கும் இதுவே வித்தியாசம்.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. 2016இல் இலண்டனைச் சேர்ந்த நத்தாஷா என்ற பதினைந்து வயதுப் பிள்ளை, விமான நிலையத்தில் வாங்கிய பாணில் எள்ளு இருந்ததை அறியாமல் உண்டு ஒவ்வாமையால் இறந்துபோனாள். பொதியில் எள்ளு என்று எழுதியிருக்கவில்லை. பெற்றோரின் விடாமுயற்சியால் சட்டம் மாறி, விற்கும் இடத்திலேயே செய்து பொதி செய்யும் உணவுகளிலும் உள்ளடக்கம் முழுவதையும் எழுத வேண்டும் என்பது 2021 ஒக்டோபர் முதலாம் திகதியில் இருந்து நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவிலும் பாலினால் பாடசாலையில் வந்த ஒவ்வாமையால் இறந்த சப்ரினா என்ற மாணவியின் பெயரால் 2006இல் இருந்து ஒரு சட்டம் உண்டு. ஒவ்வாமையுள்ள பிள்ளைகளைக் காப்பதற்கான திட்டம் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டும் என்கிறது அது.

எள்ளு என்றதும் நமக்கு எள்ளுருண்டை நினைவுக்கு வரும். அதில் எள்ளு இருப்பது பார்த்தாலே தெரியும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாததில்தான். லவ் கேக்கில் கஜு அரைபட்டுப் போயிருக்கும். மில்க் ரொபியிலும் கஜு விழும். கச்சான் அரைத்த அதே மிக்சியில் அடுத்ததாக வேறொன்றை அரைப்போம். ரோல்ஸின் உள்ளே கடுகு இருக்கும். பிரித்தானியாவிலும் கனடாவிலும் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் எள்ளோடு கடுகும் சேர்ந்திருக்கிறது. நூற்றாண்டு விழாவுக்கு வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் நிறைய வருவார்கள். "கச்சான் ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது செல்லத்தில் சொல்வது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

உடம்பைத் தாண்டி மனத்துக்கும் ஒத்துவராதவை உண்டு. மீன் கட்லற் பொரித்த எண்ணெயில் உளுந்து வடை போட்டால் வடையில் மீன் இல்லைத்தான். ஆனால் சைவம் என்று நம்பி வாங்கி, விரதம் முடிக்கும் ஒரு அம்மாவுக்கு நாம் செய்தது என்ன? புடிங்கில் போட்ட ஜெலற்றின் எதில் இருந்து வந்தது என்று எமது முஸ்லிம் சகோதரிகள் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டாமா? முட்டை தொடாதவர்களுக்கு எந்தக் கேக் என்று காட்ட வேண்டாமா? இவற்றை எந்தப் பரிசோதகரும் வந்து கேட்கமாட்டார். வாங்குபவர் எம்மை நம்பித்தான் கையை நீட்டுகிறார்.

முன்பு இந்த நம்பிக்கைக்குத் துண்டு எழுத வேண்டியிருக்கவில்லை. ஊருக்குள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தோம். "இது எந்த வீட்டு ரோல்ஸ்?" என்று கேட்டுத்தான் எடுத்தோம். எந்த அக்காவின் கை சுத்தம், எந்த மாமியின் எண்ணெய் நேற்றையது என்பதெல்லாம் தெரிந்த கதை. ஒரு பண்டம் சரியில்லை என்றால் அடுத்தநாள் கோயில் வீதியிலோ தேவாலய வாசலிலோ கேட்டுவிடுவார்கள். அந்த அறிமுகமே எமது அனுமதிப்பத்திரமாக இருந்தது. இன்று சந்தைக்கு வருபவர்களில் பாதிப் பேரை எமக்குத் தெரியாது, அவர்களுக்கும் எம்மைத் தெரியாது. அறிமுகம் செய்த வேலையை இனி ஒரு சிறு துண்டும் ஒரு கொப்பியும் செய்ய வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எமது பழைய மாணவிகளில் பலர் இன்று வீட்டில் கேக்கும் பலகாரமும் செய்தே குடும்பத்தைக் கொண்டுநடத்துகிறார்கள். போருக்குப் பின் தனியே குடும்பப் பொறுப்பை ஏற்றவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். பிறந்தநாள் கேக், கல்யாணப் பலகாரம், தீபாவளி ஓடர் என்று பிழைப்பு நடக்கிறது. பாடசாலைச் சந்தை என்றதும் அவர்களிடமே முதலில் போய், "நீங்கள் நன்றாகச் செய்வீர்கள், ஐந்து கேக் தாருங்கள்" என்று கேட்கிறோம். பாடசாலை கேட்டால் இல்லை என்று சொல்ல அவர்களால் முடியாது. பிறகு அதே கேக்கை அவர்கள் வழக்கமாக விற்கும் விலையை விடக் குறைத்து நாம் விற்றால் அவர்களுடைய வாடிக்கையாளருக்கு என்ன தோன்றும்? "சங்கத்தில் மலிவாகத் தந்தார்களே, நீங்கள் ஏன் இவ்வளவு எடுக்கிறீர்கள்?" என்ற கேள்வி அடுத்த மாதம் அவர்கள் வாசலுக்கு வரும். நாம் சேர்த்த நிதியில் அவர்களுடைய வருமானத்தின் ஒரு பகுதியும் போய்விடும்.

ஆகவே அன்பளிப்பையும் தொழிலையும் பிரித்து வைக்க வேண்டும். அன்பளிப்பாகத் தருபவர்களின் மேசை வேறு. தொழிலாகச் செய்யும் சகோதரிகளுக்குச் சந்தையில் சொந்த மேசை கொடுக்க வேண்டும். அவர்கள் தமது பெயரில், தமது விலைக்கு விற்று, விரும்பிய பங்கைப் பாடசாலைக்குத் தரட்டும். அவர்களில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் இருந்தால், சபையில் எந்தப் படிவம், எந்த மேசை, சமையலறையில் என்ன திருத்தம் வேண்டும் என்று அறிந்து செய்துகொள்ளச் சங்கம் கூட நிற்கட்டும். எம்மிடையே சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், வைத்தியர்கள் இருக்கிறார்கள், சபைகளில் கடமையாற்றி ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு பின்னேரம் கூடினால் முடிகிற உதவி இது. வருடத்தில் ஒருநாள் செய்பவருக்கு அனுமதிப்பத்திரம் ஒரு கேள்வி மட்டும்தான். தினமும் செய்பவருக்கு அது கையில் இருந்தால் கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் தலை நிமிர்ந்து பண்டம் கொடுக்கலாம்.

இனி எமது குழுவின் யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, சந்தைக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே அதிபர் ஊடாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் உள்ளூராட்சி சபைக்கும் கடிதம் கொடுப்போம். என்ன விற்கப் போகிறோம், எங்கே, எத்தனை மணிவரை என்று எழுதி, அவர்கள் சொல்லும் நிபந்தனைகளை எழுத்தில் பெறுவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒரு கூட்டத்துக்கு அழைத்துச் சமைப்பவர்களோடு பேச வைப்போம். சந்தை அன்று வந்து பிழை பிடிப்பவராக அவரைப் பார்ப்பதிலும், முன்னரே வந்து வழி சொல்பவராகப் பார்ப்பது எமக்கு நல்லது.

இரண்டாவது, பண்டங்களை இரண்டாகப் பிரிப்போம். முறுக்கு, பருத்தித்துறை வடை, பயத்தம் பணியாரம், சிப்பி, எள்ளுருண்டை, தொதல், மில்க் ரொபி, பட்டர் கேக், லவ் கேக், ரிச் கேக், பிஸ்கற் ஆகியவற்றை வீட்டில் செய்து கொண்டுவரலாம். கிறீம் பூசிய கேக், பச்சை முட்டை வெள்ளைக்கருவில் அடித்த ஐசிங், புடிங், வட்டிலப்பம், மயோனைஸ் பூசிய சான்விச் ஆகியவற்றை வீட்டில் இருந்து வாங்கமாட்டோம். ரோல்ஸ், கட்லற், பற்றிஸ் இல்லாமல் சந்தை இல்லை என்பது எமக்கும் தெரியும். அவற்றை எமது கல்லூரியின் மனையியற் கூடத்தில் அன்று காலை செய்து, சிறு சிறு தொகையாகப் பொரித்து, சூட்டோடு மேசைக்கு அனுப்புவோம். சைவத்துக்கு வேறு தாச்சி, வேறு எண்ணெய்.

மூன்றாவது, ஒவ்வொரு பொதியிலும் ஒரு துண்டு இருக்கும். பண்டத்தின் பெயர், செய்தவரின் பெயரும் படித்த ஆண்டும், செய்த திகதி, உள்ளே இருப்பவை, சைவமா அசைவமா, முட்டை உண்டா, கஜு, கச்சான், எள்ளு, பால், கோதுமை உண்டா என்பவை அதில் வரும். "வீட்டுச் சமையலறையில் செய்யப்பட்டது" என்ற அறிவித்தலைக் கொட்டை எழுத்தில் மேசைக்கு மேலே தொங்கவிடுவோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பலர் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

நான்காவது, ஒரு கொப்பி. யார், என்ன, எத்தனை, எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார் என்று வாசலில் பதிவோம். பின்னர் ஒரு முறைப்பாடு வந்தால் எந்தப் பண்டம் என்று உடனே அறியலாம். எல்லோரையும் சந்தேகிக்க வேண்டிய நிலை வராது. செய்தவர்களுக்கும் இதுவே பாதுகாப்பு.

ஐந்தாவது, காசு வாங்கும் கை வேறு, பண்டம் எடுக்கும் கை வேறு. இடுக்கி பாவிப்போம், பண்டங்களை மூடி வைப்போம். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றுவதும் பொதியை ஸ்ரேப்ளர் கம்பியால் மூடுவதும் வேண்டாம். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தவரும், கையில் புண் உள்ளவரும் அன்று சமைக்கவும் வேண்டாம், பரிமாறவும் வேண்டாம். பற்றுச்சீட்டு எழுத ஆள் எப்போதும் தேவை.

ஆறாவது, மிஞ்சியது. மாலை ஆனதும் மிஞ்சிய ரோல்ஸை விடுதிப் பிள்ளைகளுக்கோ சிறுவர் இல்லத்துக்கோ அனுப்புவது நல்ல மனதோடு செய்யும் காரியந்தான். ஆனால் நாள் முழுதும் வெயிலில் இருந்த பண்டத்தை, வேண்டாம் என்று சொல்ல முடியாத பிள்ளைகளுக்குக் கொடுப்பது சரியல்ல. காய்ந்த பண்டம் மிஞ்சினால் கொடுப்போம். ஈரப் பண்டம் மிஞ்சினால் எறிவோம். அளவாகச் செய்தால் எறிய ஒன்றும் இருக்காது.

ஏழாவது, கணக்கு. அன்பளிப்பாக வந்த ஒவ்வொரு பண்டத்துக்கும் சாமான் செலவை மதிப்பிட்டு, "பொருளாகக் கிடைத்த அன்பளிப்பு" என்று கணக்கறிக்கையில் எழுதுவோம். கேக் கொடுத்தவரின் பெயரும் காசோலை கொடுத்தவரின் பெயரும் ஒரே பட்டியலில் வர வேண்டும்.

சகோதரிகளே, இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை. துண்டு அச்சடிக்கும் காசும் ஒரு கொப்பியும் சில கூட்டங்களுமே வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மேசையை எடுத்துவிட்டால், சமையலறையால் பாடசாலையைத் தாங்கிய பெண்களிடம் இனி நீங்கள் தேவையில்லை என்று சொல்வதாகிவிடும். யார் கேட்கப் போகிறார்கள் என்று பழையபடி விற்றால், ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கெடுவது எமது பெயர் மட்டுமல்ல, கல்லூரியின் பெயரும்தான். எமது பிள்ளைக்குக் கொடுப்பதைத்தான் அந்த மேசையில் வைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தமது பெயரை எழுதிச் சொல்ல முடிந்தால், பரிசோதகர் வந்தாலும் வாங்குபவர் கேட்டாலும் எமக்குத் தயக்கம் இல்லை.

இந்த ஏழு யோசனைகளையும் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று குழுவின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டுக் கிளைகளும் தத்தமது நாட்டு விதிகளோடு இவற்றைச் சேர்த்துப் பின்பற்றலாம். துண்டின் மாதிரிப் படிவம் செயலாளரிடம் இருக்கிறது. பலகாரம் தர விரும்புபவர்கள் இன்றே கொப்பியில் பெயரைப் பதியலாம். கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது.

எமக்கு மனையியல் கற்பித்து, கை கழுவிவிட்டு மாவில் கை வைக்கச் சொல்லித் தந்த ஆசிரியைகள் எல்லோரையும் இந்த நேரத்தில் நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம். நூற்றாண்டு காணும் எமது கல்லூரி இன்னும் பல்லாண்டு ஓங்கி வளர வாழ்த்துகிறோம்.